தம் மேடையைத் தாமே அமைத்தவர்கள்

இசைவாணர் ஒருவர் பாடுகிறார், நாம் கேட்கிறோம். வெளித்தோற்றத்திற்கு இவ்வளவுதான். ஆயினும் அவருக்கும் நமக்கும் இடையே வேறு பலர் நிற்கின்றனர். மண்டபத்திற்கு உரியவர், நுழைவுச்சீட்டு விற்பவர், இசைத்தட்டு வெளியிடும் நிறுவனத்தார், வானொலி நிலையத்தார், பத்திரிகையில் திறனாய்வு எழுதுவோர் எனப் பலருடைய வாயில்களைக் கடந்தே ஓர் இசை மக்களின் செவியை அடைகிறது. வாயில்காப்போர் விரும்பினால் கதவு திறக்கும். விரும்பாவிடில் அது மூடியே கிடக்கும். விலைபோகும் இசைக்குக் கதவு எளிதில் திறக்கும். புதியதொன்றைப் படைக்க எண்ணுவோர் நெடுநேரம் வெளியிலேயே காத்து நிற்க வேண்டும்.

இவ்வாறு காத்து நிற்க மறுத்துத் தம் மேடையைத் தாமே அமைத்துக்கொண்ட இசைவாணர் சிலரின் வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவர்கள் அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரத்துக் கறுப்பினத்தார். 1965ஆம் ஆண்டு அவர்கள் தோற்றுவித்த அமைப்பைத் தமிழில் 'படைப்பிசைவாணர் முன்னேற்றக் கழகம்' என்று கூறலாம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ஏ.ஏ.சி.எம். என்று உலகம் அதனை அறியும். செல்வர் துணையின்றியும் அரசின் ஆதரவின்றியும் தொடங்கிய அக்கழகம் 2025ஆம் ஆண்டில் அறுபதாண்டு நிறைவை எட்டியது. கலைஞர் தாமே நடத்தும் அமைப்புகள் பெரும்பாலும் சில ஆண்டுகளிலேயே கலைந்துபோவதை நோக்க, இது வியப்புக்குரியது. அது நிலைத்ததற்குக் காரணம் யாது என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

தென்பகுதியின் இசை

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் வடநகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பருத்திக் காட்டு வறுமையும் இனக்கொடுமையும் அவர்களைத் துரத்தின; தொழிற்சாலை வேலையும் சற்றே மேலான வாழ்வும் அவர்களை அழைத்தன. 1910ஆம் ஆண்டில் சிகாகோவில் ஏறத்தாழ 44,000 பேராக இருந்த கறுப்பின மக்கள் 1960ஆம் ஆண்டில் எட்டு இலட்சத்தைக் கடந்துவிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் நகரின் தென்பகுதியிலேயே நெருக்கடியில் வாழ நேர்ந்தது. மற்றப் பகுதிகளில் அவர்களுக்கு வீடு கிடைப்பது அரிதாக இருந்தது.

வந்தவர்கள் தம் இசையையும் உடன்கொண்டு வந்தனர். தேவாலயப் பாடலும் புளூஸ் இசையும் ஜாஸ் இசையும் தென்பகுதித் தெருக்களில் தழைத்தன. அங்கிருந்த டூசாபில் உயர்நிலைப் பள்ளியில் கேப்டன் வால்டர் டயட் என்னும் இசையாசிரியர் பணியாற்றினார். கண்டிப்புக்குப் பெயர்பெற்ற அவரிடம் பயின்ற ஜீன் ஆமன்ஸ், ஜானி கிரிபின் போன்றோர் பின்னாளில் ஜாஸ் உலகில் புகழ் பெற்றனர். ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியர் ஊன்றி நின்றால் ஒரு நகரின் கலை எவ்வாறு வளரும் என்பதற்கு டயட் ஒரு சான்று.

எனினும் இசைவாணரின் பிழைப்பு எளிதாக இருக்கவில்லை. சிகாகோவில் இசைவாணர் தொழிற்சங்கமே இனத்தால் பிளவுபட்டுக் கிடந்தது. வெள்ளையருக்கு 10ஆம் எண் கிளை. கறுப்பினத்தாருக்கு 208ஆம் எண் கிளை. நகரின் நடுப்பகுதியிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் கிடைத்த நல்ல ஊதியப் பணிகள் பெரும்பாலும் முதற்கிளையினருக்கே சென்றன. இரு கிளைகளும் 1966ஆம் ஆண்டில்தான் ஒன்றாயின. அதற்குள் தென்பகுதியின் இரவு விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டுவந்தன. எஞ்சிய விடுதிகளின் உரிமையாளர்கள் பழகிய பாடல்களையே கேட்டனர். சொந்தமாக ஒன்றை இயற்றி வாசிக்க விரும்பிய இளைஞர்க்கு இடமில்லை.

ஒத்திகையே பள்ளியாக

இந்நிலையில் 1960களின் தொடக்கத்தில் ரிச்சர்டு ஏப்ரம்ஸ் என்னும் பியானோ இசைவாணர் 'சோதனை இசைக்குழு' என்ற பொருள்படும் பெயரில் ஒரு குழுவைத் திரட்டினார். 1930ஆம் ஆண்டு சிகாகோவில் பிறந்த அவர், இசைக் கல்லூரியில் சேர்ந்தும் அங்கே நிலைத்திராமல், நூல்களை வாங்கித் தாமே பயின்று தேர்ந்தவர். பின்னாளில் மூஹல் என்ற பெயரையும் ஏற்றார்.

அக்குழுவின் நோக்கம் பொருளீட்டுவது அன்று. அஃது இசைத்தட்டு எதனையும் வெளியிடவுமில்லை. வாரந்தோறும் கூடி, உறுப்பினர் எழுதிக்கொண்டு வரும் புதிய இசையை வாசித்துப் பார்ப்பதே அதன் வேலை. இளைஞர் எவரும் தாம் எழுதியதைக் கொண்டுவரலாம். பெரியவர் அமர்ந்து அதனை வாசிப்பர். எழுதியவர் தம் பிழையைத் தம் செவியாலேயே உணர்வார். வில்சன் இளநிலைக் கல்லூரியில் பயின்ற ரோஸ்கோ மிட்செல், ஜோசப் ஜார்மன், ஹென்றி த்ரெட்கில் போன்ற இளைஞர் இக்குழுவை நாடி வந்தனர். படைக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களிடம் முன்பே இருந்தது. படைத்ததைக் கேட்டுப் பார்க்கும் வாய்ப்பை ஏப்ரம்ஸ் அளித்தார். பின்னர்த் தோன்றிய கழகத்திற்கு இவ்வொத்திகைக் குழுவே வித்து.

ஒரு சனிக்கிழமைக் கூட்டம்

ஒத்திகை மட்டும் போதாது என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். கேட்போர் இல்லாத இசை முழுமை பெறாது. எனவே ரிச்சர்டு ஏப்ரம்ஸ், ஜோடி கிறிஸ்டியன், ஸ்டீவ் மெக்கால், பில் கோரன் ஆகிய நால்வரும் நகரின் இசைவாணர்க்கு அஞ்சலட்டை அனுப்பி அழைத்தனர். 1965ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் சனிக்கிழமையன்று தென்பகுதியில் கோரன் வீட்டில் முதற்கூட்டம் நடைபெற்றது.

வந்தவர்கள் முறையான கூட்ட ஒழுங்கின்படி விவாதித்தனர், வாக்கெடுத்தனர். அத்தொடக்கக்காலக் கூட்டங்களை ஒலிநாடாவில் பதிவும் செய்தனர். வெறுங்கையுடன் கூடிய அவ்விசைவாணர் தம் பேச்சு வரலாறாகும் என்று நம்பினர் போலும். பல ஆண்டுகளுக்குப் பின் அந்நாடாக்களே ஆய்வாளர்க்கு முதன்மைச் சான்றாயின. சங்கம் நடத்துவோர் குறிப்பேட்டைப் பேணுவதன் இன்றியமையாமையை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

கூட்டத்தில் எழுந்த முதன்மையான வினா, கழகத்தின் மேடையில் எவ்வகை இசைக்கு இடமளிப்பது என்பது. உறுப்பினர் தாமே இயற்றிய இசையை மட்டுமே வாசிக்க வேண்டும் என்றார் ஏப்ரம்ஸ். உடனே தடைகள் எழுந்தன. சொந்த இசை என்றால் என்ன? பழைய பாடலைப் புதிய முறையில் வாசித்தால் அது சொந்தமாகாதா? விடுதிகளில் பிறர் பாடல்களை வாசித்துப் பிழைப்பவர் என்ன செய்வது? இவை புறக்கணிக்கத்தக்க வினாக்கள் அல்ல. அடுத்த நாள் சோற்றைப் பற்றியவை. வயிற்றுப்பாட்டுக்காக வெளியில் எதனை வாசித்தாலும் கழகம் அதில் தலையிடாது. கழகத்தின் மேடையில் மட்டும் சொந்தப் படைப்பே ஒலிக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

இம்முடிவின் நுட்பம் எண்ணத்தக்கது. அக்காலத்தில் ஜாஸ் இசைவாணரைப் பலரும் வாசிப்பவராகவே கருதினர். இயற்றுநர் என்ற மதிப்பு வேறோர் உலகத்தாருக்கு உரியதாக இருந்தது. தாம் இயற்றியதையே வாசிப்பது என்ற விதி, ஒவ்வோர் உறுப்பினரையும் இயற்றுநராக உயர்த்தியது. கழகத்தின் பெயரில் ஜாஸ் என்ற சொல் இடம்பெறாமல் 'படைப்பிசைவாணர்' என்ற சொல் இடம்பெற்றதும் இக்கருத்தை ஒட்டியதே. தம்மை எப்பெயரால் அழைப்பது என்பதைப் பிறரிடம் விடாமல் தாமே முடிவு செய்தனர்.

ஒன்பது நோக்கங்கள்

1965ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இலினாய் மாநிலச் சட்டப்படி இலாப நோக்கற்ற அமைப்பாகக் கழகம் பதிவு பெற்றது. அதன் அமைப்பு விதிகள் ஒன்பது நோக்கங்களைக் கூறுகின்றன. இளம் இசைவாணரை வளர்த்தல், கலைப்பணிக்கு ஏற்ற பயிற்சிக் களத்தைப் பேணுதல், கட்டணமின்றி இசை கற்பித்தல், தகுதியுடையோர்க்குப் பணி வாய்ப்பை உண்டாக்குதல், அறப்பணிகளுக்குப் பொருளுதவி செய்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். இசைவாணரின் ஒழுக்கத்தை உயர்த்தி, மக்களிடையே அவர்தம் மதிப்பைக் காத்தல் என்பதும் ஒரு நோக்கம். இசைத் தொழில் நடத்தும் முகவர்க்கும் கலைஞர்க்கும் இடையே மதிப்புறவை வளர்த்தல் என்பது மற்றொன்று.

இறுதியிற் கூறிய நோக்கம் ஈண்டுக் கருதத்தக்கது. வணிகரைப் பகைவர் என்று கூறிக் கதவடைக்க அவர்கள் எண்ணவில்லை. சம மதிப்புடன் பேசும் நிலையை அடையவே விரும்பினர். கையேந்தி நிற்பவரிடம் எவரும் சமமாகப் பேசுவதில்லை. சொந்தமாக ஒரு மேடை உடையவரே நிமிர்ந்து பேச இயலும்.

பதிவு பெற்ற அதே திங்களில், 16ஆம் நாள், தென்பகுதியின் சவுத் ஷோர் அரங்கில் ஜோசப் ஜார்மனின் ஐவர் குழு கழகத்தின் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. அதன்பின் உறுப்பினரின் குழுக்கள் மாறி மாறி மேடையேறின. துண்டறிக்கை அளிப்பதும், வாயிலில் நின்று சீட்டு விற்பதும், நாற்காலி அடுக்குவதும், நிகழ்ச்சி முடிந்தபின் இடத்தைத் துப்புரவு செய்வதும் உறுப்பினரே. இன்று மேடையில் சாக்ஸபோன் வாசித்தவர் அடுத்த நிகழ்ச்சியில் வாயிலில் நிற்பார். கேட்க வந்தோர் சில நாள்களில் விரல்விட்டு எண்ணத்தக்கவராக இருந்ததும் உண்டு. ஆயினும் நிகழ்ச்சிகள் நிற்கவில்லை.

சமூகத் தொண்டு நிலையமான ஏப்ரகாம் லிங்கன் நிலையம் அவர்களுக்கு ஒத்திகைக்கும் நிகழ்ச்சிகளுக்கும் இடமளித்தது. அங்கே மது விற்பனை இல்லை. கண்ணாடிக் கோப்பைகளின் ஓசை இல்லை. வந்தவர் இசை கேட்கவே வந்தனர். விடுதிகளில் இரைச்சலை மீற வேண்டியிருந்த இசை இங்கே மௌனத்தையும் ஓர் உறுப்பாகக் கொண்டது. சிறு மணி, ஊதல், சுரைக்குடுக்கை, மிதிவண்டிக் குழல் முதலிய சிறுகருவிகளை அவர்கள் மேடையில் பரப்பி வைத்துப் பயன்படுத்தியது இச்சூழலால் இயன்றது. இசை நிகழும் இடம் எத்தகையது என்பதைப் பொறுத்து இசையின் இயல்பும் அமைகிறது. இடத்தை அமைக்கும் உரிமை கலைஞர்க்குக் கிடைத்தபோது இசையே மாறிற்று.

கட்டணமில்லாப் பள்ளி

1967ஆம் ஆண்டில் கழகம் தன் இசைப் பள்ளியைத் தொடங்கிற்று. தென்பகுதிச் சிறுவர்க்கும் இளைஞர்க்கும் கட்டணமின்றி இசை கற்பிக்கப்பட்டது. ஆசிரியர் அனைவரும் கழக உறுப்பினரே. தமக்கே போதிய வருவாய் இல்லாத அவர்கள் ஊதியம் கருதாமல் கற்பித்தனர்.

கற்பித்த முறையிலும் ஒரு புதுமை இருந்தது. இசைக்குறியீடும் இசைக்கோட்பாடும் கற்பித்ததுடன், மாணவரைத் தொடக்கத்திலிருந்தே சொந்தமாக இயற்றவும் தூண்டினர். முதலில் முன்னோர் படைத்ததைப் பல்லாண்டு பயில வேண்டும், பின்னரே படைக்கலாம் என்ற முறையை அவர்கள் ஏற்கவில்லை. குழந்தை இலக்கணம் கற்றபின்னா பேசத் தொடங்குகிறது? பேசிப் பேசியே மொழி கைவருவதுபோல், படைத்துப் படைத்தே படைப்பாற்றல் கைவரும் என்பது அவர்தம் துணிபு. மொழி கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இக்கருத்து அயலானது அன்று. கட்டுரை எழுதக் கற்பிக்கும் எவரும் இதனைத் தம் வகுப்பறையில் உணர்ந்திருப்பர்.

கழகத்தின் நெடுவாழ்வுக்குப் பள்ளியே வேராயிற்று. பாடம் கேட்டோர் உறுப்பினராயினர், உறுப்பினர் ஆசிரியராயினர். நிறுவியோர் ஊரைவிட்டு நீங்கியபோதும் மறைந்தபோதும் இடம் வெறுமையாகவில்லை.

இசைத்தட்டும் பாரிசும்

மேடையும் பள்ளியும் கழகத்தின் கையில் இருந்தன. இசைத்தட்டு அவ்வாறு இல்லை. ஒலிப்பதிவுக் கூடமும் தட்டு அச்சிடும் செலவும் அவர்களால் எட்ட முடியாதவை. இதில் சிகாகோவின் சிறு நிறுவனங்கள் இரண்டு உதவின. இசைத்தட்டுக் கடை நடத்திய பாப் கோஸ்டரின் டெல்மார்க் நிறுவனம் 1966ஆம் ஆண்டில் ரோஸ்கோ மிட்செலின் 'சவுண்ட்' என்னும் இசைத்தட்டைப் பதிவு செய்தது. ஜார்மன், ஏப்ரம்ஸ், ஆன்டணி பிராக்ஸ்டன் ஆகியோரின் தட்டுகளும் தொடர்ந்தன. டெல்மார்க்கில் பணிபுரிந்து, இவ்விளைஞர்க்காக வாதாடிய சக் நெஸ்ஸா, தம் பெயரிலேயே சிறு நிறுவனம் தொடங்கி, 1967ஆம் ஆண்டில் லெஸ்டர் போவியின் இசையைப் பதிவு செய்தார். பிராக்ஸ்டன் 1969ஆம் ஆண்டில் பதிவு செய்து 1971ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபார் ஆல்ட்டோ' என்னும் இரட்டைத் தட்டில் சாக்ஸபோன் ஒன்று தவிர வேறு கருவியே இல்லை. துணைக்கருவியின்றி ஒரே சாக்ஸபோனால் அமைந்த முழுநீள இசைத்தட்டுகளுக்கு அது வழிகாட்டியாயிற்று.

உறுப்பினர் தாமே வெளியிடும் முயற்சியும் இல்லாமற் போகவில்லை. கழகம் 1968ஆம் ஆண்டில் 'புதிய ஆட்சி' எனப் பொருள்படும் பெயரில் ஓர் இதழை வெளியிட்டது. எக்காள இசைவாணர் லியோ ஸ்மித் 1970களின் தொடக்கத்தில் 'கேபெல்' என்ற சொந்த நிறுவனத்தை நிறுவித் தம் இசைத்தட்டை வெளியிட்டார். 1973ஆம் ஆண்டில் தம் இசைக்கொள்கையை விளக்கும் சிறு நூலைத் தாமே அச்சிட்டார். பிறர் தம்மைப் பற்றி எழுதுவர் என்று காத்திராமல் தாமே எழுதுவதும் விடுதலையின் ஒரு பகுதி என அவர் கருதினார்.

ஆனாலும் வறுமை அகலவில்லை. நிறுவிய சில ஆண்டுகளுக்குள்ளேயே கிறிஸ்டபர் கேடி, சார்லஸ் கிளார்க் ஆகிய இளைஞர் இருவரைக் கழகம் இழந்தது. 1969ஆம் ஆண்டில் லெஸ்டர் போவி தம் வீட்டுப் பொருள்களை விற்றுப் பணம் திரட்ட, அவரும் மிட்செலும் ஜார்மனும் மலாக்கை ஃபேவர்சும் பாரிசுக்குப் பயணமாயினர். பிராக்ஸ்டன், ஸ்மித், லிராய் ஜென்கின்ஸ் ஆகியோரும் அவ்வாண்டே அங்குச் சென்றனர். சொந்த ஊரில் ஒரு சிலரே கேட்ட இசையைப் பாரிசு பெருங்கூட்டமாகக் கூடிக் கேட்டது. அங்கேதான் அந்நால்வரின் குழு 'ஆர்ட் என்செம்பிள் ஆஃப் சிகாகோ' என்ற பெயரைப் பெற்றது. தாளக்கருவி இசைவாணர் டான் மோய் அங்கே சேர்ந்து ஐவராயினர். ஊரின் பெயரைத் தாங்கி அவர்கள் 1971ஆம் ஆண்டில் ஊர் திரும்பினர். மேலை நாட்டிலும் உள்ளூர்க் கலைஞரின் பெருமையை உள்ளூர் அறிய அயலூர் புகழ வேண்டியிருந்தது.

நிலைத்ததும் கலைந்ததும்

இத்தகைய முயற்சியில் சிகாகோவினர் முதல்வர் அல்லர். 1952ஆம் ஆண்டில் சார்லஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச் என்னும் பெருங்கலைஞர் இருவர் நியூயார்க்கில் 'டெபியூ' என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தினர். அஃது அப்பத்தாண்டுக்குள்ளேயே ஓய்ந்தது. 1964ஆம் ஆண்டில் பில் டிக்சன் நியூயார்க்கில் ஜாஸ் இயற்றுநர் குழுமம் ஒன்றை அமைத்தார். செசில் டெய்லர், சன் ரா, ஆர்ச்சி ஷெப், கார்லா பிளே போன்ற புகழ்மிக்கோர் அதில் இருந்தனர். குழுமத்தின் இசைவின்றி எவரும் தனியே ஒப்பந்தம் செய்யலாகாது என்று பேசப்பட்டது. பெரிய நிறுவனம் ஒன்று ஒருவரை அழைத்தபோது பிணக்கு எழுந்தது. ஓராண்டு நிறையுமுன் குழுமம் கலைந்தது.

செயின்ட் லூயிஸ் நகரில் 1968ஆம் ஆண்டில் தோன்றிய கறுப்புக் கலைஞர் குழு, சிகாகோக் கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டது. ஜூலியஸ் ஹெம்பில், ஆலிவர் லேக் போன்ற இசைவாணருடன் நடிகரும் கவிஞரும் ஆடற்கலைஞரும் அதில் கூடினர். அறக்கட்டளைகள் தாராளமாகப் பொருளுதவின. அவ்வுதவி நின்றபோது 1972ஆம் ஆண்டில் குழுவும் நின்றது.

இவற்றோடு ஒப்பிடும்போது சிகாகோக் கழகம் நிலைத்த காரணம் விளங்குகிறது. தனி உறுப்பினர் பெறும் ஒப்பந்தங்களை அது தடுக்கவில்லை. ஒருவர் வெளியில் பெற்ற புகழ் கழகத்திற்கும் பெயர் தேடித் தந்தது. தொடக்கத்தில் அது பிறர் பணத்தை நம்பி நிற்கவில்லை. பின்னாளில் நல்கைகள் கிடைத்தபோதும் அவை நின்றால் தானும் நிற்கும் நிலைக்கு அது வரவில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, அடுத்த தலைமுறையைப் பயிற்றும் பள்ளி அதனிடம் இருந்தது. புகழ்பெற்றோர் கூடி அமைத்த குழுமம் ஓராண்டு வாழ்ந்தது. அறியப்படாதோர் கூடி அமைத்த கழகம் அறுபதாண்டு வாழ்ந்தது. கூடியவரின் புகழைவிடக் கூடியபின் நாள்தோறும் செய்த சிறுபணியே அமைப்பைத் தாங்குகிறது.

குறைகளும் பிணக்குகளும்

கழகத்தின் வரலாறு குறையற்றது என்று கூறுதல் உண்மையாகாது. நிறுவியோருள் ஒருவரான பில் கோரன் விரைவிலேயே விலகினார். முன்னோரின் ஆப்பிரிக்க மரபோடு இசையை இணைத்து மக்களை ஈர்க்க வேண்டும் என்பது அவர் வழி. கட்டற்ற புதுமையை மற்றவர் நாடினர். அவர் பகைமையில் தேய்ந்துவிடவில்லை. 1967ஆம் ஆண்டின் இறுதியில் 'அஃப்ரோ ஆர்ட்ஸ்' என்ற அரங்கைத் தென்பகுதியில் திறந்து, தம் வழியிலேயே மக்களுக்குத் தொண்டாற்றினார்.

கறுப்பினத்தாரின் கழகத்தில் வெள்ளையர் உறுப்பினராகலாமா என்ற வினாவும் எழுந்தது. தொடக்கக்காலத்தில் இருந்த வெள்ளையர் ஒருவர், இன உணர்வு கொதித்த 1960களின் இறுதியில், கழகத்தினின்று நீங்க நேர்ந்தது. இம்முடிவு உறுப்பினரிடையே மனவேதனையை உண்டாக்கிற்று. இனத்தால் ஒதுக்கப்பட்டோர் தமக்கென ஓர் இடத்தை அமைக்கும்போது, அவ்விடத்தின் வாயிலை எவ்வளவு திறப்பது என்பது எளிதில் விடை காணத்தக்க வினா அன்று.

பெண்களின் நிலையும் எண்ணத்தக்கது. பியானோவும் ஆர்கனும் வாசித்த அமினா கிளாடின் மயர்ஸ் தொடக்கக்காலத்திலேயே கழகத்தில் சேர்ந்தார். எனினும் நெடுங்காலம் ஆண்களே பெரும்பான்மையராகவும் தலைவராகவும் விளங்கினர். இருபத்தோராம் நூற்றாண்டில்தான் புல்லாங்குழல் இசைவாணர் நிக்கோல் மிட்செல் கழகத்தின் தலைமைக்கு வந்த முதற்பெண்மணியானார். பிறர் வாயிலில் காத்து நின்றோர் தாம் அமைத்த வாயிலிலும் சிலரைக் காக்க வைத்தனர் என்பதை வரலாறு மறைக்கலாகாது.

வரலாற்றைத் தாமே எழுதுதல்

1971ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகப் படிப்பினின்று ஓராண்டு விடுப்பில் சிகாகோ திரும்பிய ஜார்ஜ் லூயிஸ் என்னும் இளைஞர் கழகத்தில் சேர்ந்தார். டிராம்போன் இசைவாணரான அவர் பின்னாளில் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியரானார். உறுப்பினர் பலரை நேரில் கண்டு உரையாடியும், பழைய ஒலிநாடாக்களைக் கேட்டும், 'தன்னினும் வலிய ஓர் ஆற்றல்' என்று பொருள்படும் பெயருடன் கழகத்தின் வரலாற்றை 2008ஆம் ஆண்டில் பெருநூலாக வெளியிட்டார். அகத்தே இருந்தவர் எழுதிய வரலாறாயினும் பிணக்குகளை அது மறைக்கவில்லை. தம் இசையைத் தாமே இயற்றியோர் இறுதியில் தம் வரலாற்றையும் தாமே எழுதினர்.

காலம் தாழ்ந்தேனும் நாட்டின் மதிப்பும் வந்து சேர்ந்தது. 2010ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் ஏப்ரம்ஸை ஜாஸ் பேராசான் என்று போற்றியது. 2016ஆம் ஆண்டில் ஹென்றி த்ரெட்கில் இசைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றார். ஒரு காலத்தில் இயற்றுநர் என்றே எண்ணப்படாதவரின் வழித்தோன்றலுக்கு இயற்றுநர்க்குரிய அப்பரிசு கிடைத்தது, 1965ஆம் ஆண்டின் சனிக்கிழமைக் கூட்டத்து முடிவுக்குக் கிடைத்த விடையும் ஆகும். ஏப்ரம்ஸ் 2017ஆம் ஆண்டு மறைந்தார். அவர் தொடங்கிய பணி தொடர்ந்தது.

கற்க வேண்டியது

இவ்வரலாற்றினின்று ஆசிரியரும் மாணவரும் பெறத்தக்க பாடம் ஒன்று உண்டு. கலைஞர்க்கு விடுதலை வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். விடுதலை என்பது தடையற்ற மனநிலை மட்டும் அன்று. அதற்கு ஓர் இடம் வேண்டும். அவ்விடத்திற்கு வாடகை வேண்டும். நாற்காலி அடுக்க ஆள் வேண்டும். கூட்டக் குறிப்பை எழுதப் பொறுமை வேண்டும். இளையோர்க்குக் கற்பிக்க நேரம் வேண்டும். இவற்றைச் செய்யும் கைகள் கலைஞரின் கைகளாகவே இருக்கும்போது, கலை எவ்வாறு ஒலிக்க வேண்டும் என்பதைப் பிறர் ஆணையிட இயலாது.

சங்கம் அமைத்து எழுத்தை வளர்ப்போர்க்கு இவ்வுண்மை புதிதன்று. நூல் வெளியீட்டு நாளன்று மாலை சூட்டிக்கொள்வோர் சிலர். அழைப்பிதழ் ஒட்டி, கணக்கெழுதி, விளக்கணைத்து வீடு செல்வோர் வேறு சிலர். சிகாகோவில் இவ்விரு திறத்தாரும் ஒருவராகவே இருந்தனர். சாக்ஸபோனைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைத் தூக்கிய கைகளே அக்கழகத்தை அறுபதாண்டுக் காலம் தாங்கின.